சிறு சுரப்பி, பெரும் பொறுப்பு

 

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளையின் அடிப்புறத்தில், குதிரைச் சேணம் போலக் குழிந்த எலும்புப் பள்ளம் ஒன்று உண்டு. அப்பள்ளத்தில், பட்டாணி அளவினதாய், ஏறத்தாழ அரை கிராம் எடையினதாய் ஒரு சுரப்பி அமர்ந்துள்ளது. அதுவே பிட்யூட்டரி. இலத்தீன் மொழியில் 'பிட்யூட்டா' என்பது சளியைக் குறிக்கும். மூளையில் ஊறும் சளி இவ்வுறுப்பின் வழியே மூக்கில் வடிகிறது என்று பண்டை மருத்துவர் கருதினர். அப்பெயரை ஒட்டியே தமிழிலும் இது கபச்சுரப்பி எனப்படுகிறது. கருத்து மறைந்தது, பெயர் நிலைத்தது.

சளிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உடலின் பிற சுரப்பிகளை ஏவி வேலை வாங்குவதே இதன் தொழில். முன்மடல், பின்மடல் என்னும் இரு பகுதிகளை உடையது இது. வளர்ச்சி ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், கருப்பையின் சுழற்சியையும் ஆண்மையையும் காக்கும் ஹார்மோன்கள், தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஆகியவை முன்மடலிலிருந்து வருவன. சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசினும், மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகிப் பின்மடலில் தங்கி, வேண்டும்பொழுது வெளிப்படுவன.

இச்சுரப்பிக்கு நேரும் கேடுகள் மூவகை. மிகுதல், குறைதல், அருகிலுள்ளதை அழுத்துதல் என அவற்றைச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, மிகுதல். இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. ஆயினும் அவற்றுள் சில அளவின்றி ஹார்மோனைச் சுரந்து உடலை நிலைகுலையச் செய்யும். வளர்ச்சி ஹார்மோன் சிறு வயதிலேயே மிகுந்தால் உயரம் கட்டுக்கடங்காது பெருகும். 1918இல் பிறந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ 272 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்து, 1940இல் 22 வயதிலேயே மறைந்தார். காலுக்கு அணிந்த தாங்கி உராய்ந்து உண்டான கொப்புளத்தில் கிருமி புகுந்ததே அவர் உயிரைப் பறித்தது. எலும்பின் வளர்ச்சி முடிந்த பின்னர் இந்த ஹார்மோன் மிகுந்தால் உயரம் கூடுவதில்லை. கையும் காலும் தாடையும் நாவும் தடிக்கும். இந்நோய்க்கு அக்ரோமெகலி எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி, ஆண்டு 1886. மோதிரம் விரலில் ஏறாமை, செருப்பின் அளவு கூடுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நாள்தோறும் முகம் பார்க்கும் குடும்பத்தார் கண்ணுக்கு இம்மாற்றம் புலப்படுவதில்லை. பழைய புகைப்படத்தை அருகில் வைத்து நோக்கினால் தெளிவாகும்.

அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோன் மிகுந்தால் முகம் நிலவு போல உருண்டு, வயிறு பருத்து, கைகால் மெலிந்து, தோலில் செந்நீலக் கோடுகள் தோன்றும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரும். 1932இல் இதனை விளக்கி எழுதிய அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவர் அறிவுரையின்றி நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போருக்கும் இதே தோற்றம் வரும் என்பது மறத்தற்குரியது அன்று.

இரண்டாவது, அழுத்துதல். கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடம் இச்சுரப்பிக்கு நேர் மேலே உள்ளது. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் இருபுறப் பக்கப் பார்வையும் மங்கும். நேரே உள்ளது தெரியும். பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. கண்ணாடியை மாற்றியும் தீராத இக்குறைக்குக் கண் மருத்துவர் பார்வைப் புலச் சோதனை செய்து காரணம் காண்பார்.

மூன்றாவது, குறைதல். இதனையே தாய்மார்கள் கூர்ந்து கேட்டல் வேண்டும். கருவுற்ற காலத்தில் இச்சுரப்பி பருக்கிறது. மகப்பேற்றில் இரத்தம் பெருகி வெளியேறி, இரத்த அழுத்தம் வீழ்ந்தால், பருத்த சுரப்பிக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் அதன் திசு மடிகிறது. 1937இல் இதனை விரித்துரைத்தவர் ஆங்கிலேய மருத்துவர் ஹரால்டு ஷீஹான். ஆதலின் இது ஷீஹான் நோய் எனப்படும்.

இந்நோயின் போக்கு பெரும்பாலும் இவ்வாறு அமையும். பேறுகாலத்தில் குருதிப்பெருக்கு ஏற்பட்ட பெண், உயிர் பிழைத்து வீடு திரும்புகிறாள். குழந்தைக்குப் பால் சுரப்பதில்லை. மாதவிலக்கு மீள்வதில்லை. சோர்வு, குளிர் தாங்காமை, அக்குள் முடி உதிர்தல், பசியின்மை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்கின்றன. 'சோம்பேறி' என்ற பழி ஒருபுறம், 'சத்துக்குறைவு' என்ற ஆறுதல் மறுபுறம் என ஆண்டுகள் கழிகின்றன. ஒரு நாள் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வர, இரத்தத்தில் சோடியம் குறைந்து நினைவிழந்து வீழ்கிறாள். அன்றுதான் பல ஆண்டுகளுக்கு முந்தைய மகப்பேற்றை மருத்துவர் வினவுகிறார். முதல் நாளிலேயே பால் சுரவாமையை ஓர் அறிகுறியாகக் கொண்டிருந்தால் இத்துணைத் துன்பம் நேர்ந்திராது.

இங்கு இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, தைராய்டுச் சோதனை பற்றியது. டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரியே சுரக்கும் ஹார்மோன். ஏவுகின்ற சுரப்பியே பழுதுற்றபோது அவ்வெண் இயல்பாகவே தோன்றக்கூடும், ஏமாற்றமும் விளையக்கூடும். ஆதலின் டி4 அளவையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மற்றொன்று, மருந்தின் முறைவைப்பு. அட்ரீனல் குறைபாடும் தைராய்டு குறைபாடும் ஒருங்கே இருப்பின் ஹைட்ரோகார்ட்டிசோன் முதலிலும், தைராக்சின் பின்னரும் தரப்படும். முறை மாறினால் உயிருக்கே இடையூறு நேரும்.

பின்மடலின் வாசோபிரசின் குறைந்தால் சிறுநீர் நிறமின்றி லிட்டர் கணக்கில் பிரியும், தாகம் அடங்காது. சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. டெஸ்மோபிரசின் என்னும் மருந்து இதனைக் கட்டுப்படுத்தும்.

அஞ்சத் தேவையில்லை, இந்நோய்களுள் பலவற்றுக்கு நல்ல மருத்துவம் உண்டு. புரோலாக்டின் மிகச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையாலேயே சுருங்கும். பிற கட்டிகளுள் பலவற்றை மண்டையோட்டைத் திறவாமல் மூக்கின் வழியே அகற்றுகின்றனர்; 1907இல் ஷ்லோஃபர் என்னும் மருத்துவர் தொடங்கிவைத்த வழி அது. வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைக்கு, எலும்பின் வளர்முனை மூடுமுன் ஊசி தொடங்கினால் உயரம் கூடும். எனவே வகுப்பில் எல்லாரினும் குள்ளமாக நிற்கும் பிள்ளையின் உயரத்தை ஆண்டுதோறும் அளந்து குறித்தல் பெற்றோர் கடமை.

நிறைவாக, நோன்பு நோற்கும் நல்லோர் நிறைந்த இவ்வவையில் கூறியே ஆகவேண்டிய செய்தி ஒன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் உண்போர் ஒரு வேளையும் அதனைத் தாமே நிறுத்தலாகாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டவேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் உடனே ஊசி போடவேண்டும். தம் நோயையும் மருந்தையும் குறித்த அட்டை எப்பொழுதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருத்தல் நன்று. வாசோபிரசின் குறைந்தோர்க்கு நீரும் அருந்தா நோன்பு பெருந்தீங்கு. இத்தகையோர் நோன்பு ஏற்குமுன் மருத்துவரிடம் கேட்டல் வேண்டும். அவர் தடுத்தால், குடும்பத்தாரும் உற்றாரும் அவரை வற்புறுத்தலாகாது. நோலாமையைக் குறையாகப் பேசலும் ஆகாது. சுவை ஒன்றை விடுதல், சினம் விடுதல், மௌனம் காத்தல், நூல் ஓதுதல் எனத் தவத்திற்கு வழிகள் பல. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைப் போற்றுவோர் தம்முயிர்க்கும் அவ்வருளைக் காட்டுதல் முறையே.

மகப்பேறு கண்ட மகளிடம் வீட்டுப் பெரியவர்கள் 'பால் சுரக்கிறதா?' என்று கேட்பது வழக்கம். 'இல்லை' என்ற விடை வந்தால் பழி கூறாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 'பேற்றின்போது இரத்தம் மிகுதியாகப் போயிற்று' என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். அவ்வொரு தொடர் அவள் வாழ்வைக் காக்கக்கூடும்.