டாக்டர் ஒரு வார்த்தை கேட்டால்

(நமது டிரஸ்ட்டின் இலவச மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)



டாக்டர்களே, நர்ஸ் சகோதரிகளே, மஹல்லாவாசிகளே!

சென்ற ஆண்டு ஒரு சகோதரருக்கு ஸ்டென்ட் வைக்க ஜகாத் நிதியிலிருந்து உதவினோம். மூன்று மாதம் கழித்து மாத்திரைக்கு உதவி கேட்டு வந்தார். சட்டையில் பீடி வாடை. கோபத்தில் கேட்டேவிட்டோம். "விடச் சொல்லி டாக்டர் ஒன்னும் சொல்லலையே பாய்" என்றார். சாக்கு என்றுதான் நினைத்தோம். ஃபைலைப் புரட்டினால் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் இருக்கிறது. புகைப்பழக்கம் பற்றி ஒரு வரி இல்லை. உதவியை நிறுத்தலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். நாம் நிறுத்தவில்லை.

டாக்டர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் நேரம் ஏது? ஆனாலும் மூன்று நிமிடம் போதும். புகைக்கிறீர்களா என்று கேட்டு, விடச் சொல்லி, மனம் இருக்கிறதா என்று அறிந்து, வழிகாட்டி, அடுத்துப் பார்க்கத் தேதி கொடுப்பது. அந்தத் தேதிதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. மனைவி நூறு முறை சொன்னால் நச்சரிப்பு. டாக்டர் ஒரு முறை சொன்னால் அதன் மதிப்பே வேறு.

விட்ட முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசிக்கும். அது நிகோடின் செய்யும் வேலை. ஈமான் குறைவு என்று வீட்டார் ஏச வேண்டாம். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. நம்மவர்கள் அதை மிட்டாய் போல மென்று, வயிற்றைப் புரட்டுகிறது என்று துப்பிவிடுகிறார்கள்! மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ குடித்த உடனே போட்டால் பலன் குறையும். எழுந்த அரை மணிக்குள் பீடி தேடுகிறவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. மருந்துக் கடைத் தம்பிமார் இதைச் சொல்லிக் கொடுத்தாலே பெரிய உதவி. 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

ரமலானில் பகல் முழுக்கத் தாங்குகிறவர், நோன்புக் கஞ்சி குடித்த கையோடு தெருமுனைக்குப் போகிறார். ஷஃபானிலேயே டாக்டர் பேசி வைத்தால் அந்த இரவுகளுக்கும் வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.

இன்று முதல் முகாம் சீட்டில் வயதுக்குக் கீழே 'பீடி, சிகரெட்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். கூட வரும் பெண்கள் தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சகோதரரின் சம்மதத்தோடுதான் அவர் கதையைச் சொன்னோம். இன்றைய முதல் டோக்கன் அவருடையது.