சம வேலைக்குச் சம கூலி: கிள்ளான் தரும் பாடம்

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிய ஒரு தாயின் மகன். ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், இந்த அறநிலையத்தின் கல்வி உதவிக் குழுவில் என்னால் இயன்ற தொண்டைச் செய்து வருகிறேன். இன்று கூலியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஆலய விழாவில் கூலிப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். இந்நாட்டில் நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் எந்தப் பணத்தில் எழுந்தன? சம்பள நாளன்று ஆளுக்கு இவ்வளவு என்று நம் முன்னோர் எடுத்து வைத்த காசில்தான் எழுந்தன. ஆகவே கூலியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

இறைவனே கூலியாளாக வந்த வரலாற்றை நாம் அறிவோம். வைகையில் வெள்ளம் வந்தபோது, கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் அளந்து விட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்குச் சொக்கநாதர் ஆளாக வந்தார். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டார். கிழவி பேசியபடி கொடுத்தாள். பிறகு அரசன் அந்தக் கூலியாளைப் பிரம்பால் அடித்தபோது, அந்த அடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. கூலியாளுக்குச் செய்யும் அநீதி அவனோடு நிற்பதில்லை. ஊர் முழுவதையும் தொடும். இது வெறும் புராணம் அன்று என்பதற்கு நம் கிள்ளான் வட்டாரமே சாட்சி.

கூலியை நிர்ணயித்தது எது?

1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய பணத்தில் நம்மவர்கள் இலவசமாகக் கப்பலேற்றப்பட்டனர். இது பெரிய உதவிபோல் தோன்றும். ஆனால் ஆள் தட்டுப்பாடு வரும்போதெல்லாம் கப்பல் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால், கூலி எப்படி உயரும்?

ஒரு தொழிலாளி உயிர் வாழ அரிசிக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டே கூலி முடிவு செய்யப்பட்டது. 1920-களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணும் அதே இருட்டில் எழுந்தாள். அதே பிரட்டில் நின்றாள். அதே மரத்தை வெட்டினாள். ஆனாலும் 10 காசு குறைவு. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆணின் கூலியே 30 காசுக்கும் கீழே இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1936 டிசம்பரில் மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்டார். பழைய 50 காசு, 40 காசைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். கூலி ஏறியது, ரப்பர் விலை சரிந்ததும் மீண்டும் குறைக்கப்பட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தையே தடை செய்தது.

சீனத் தொழிலாளர்களோ பெரும்பாலும் குத்தகைக்காரர்களின் கீழ் வேலை செய்தனர். ஓரிடத்தில் கூலி போதவில்லை என்றால் ஈயச் சுரங்கத்துக்கோ, பட்டணத்துக்கோ, வேறு தோட்டத்துக்கோ கிளம்பி விடுவார்கள். அதனால் அவர்களுக்குக் கூலி கூடுதலாகவே இருந்தது. நம்மவருக்கு வீடு தோட்டத்து லயம், பிள்ளைக்குப் பள்ளி தோட்டத்துப் பள்ளி, கடன் கங்காணியிடம். வேலையை விட்டால் எல்லாம் போய்விடும். "உங்களுக்குத்தான் வீடும் மருத்துவமனையும் கொடுக்கிறோமே" என்பதே குறைந்த கூலிக்கு முதலாளிகள் சொன்ன நியாயம். அந்த வீடே காலைக் கட்டிய கயிறு என்பதை அவர்கள் சொல்லவில்லை.

பள்ளியும் அப்படித்தான். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. ஆசிரியர் கிராணியாகவோ கங்காணியாகவோ இருப்பார். அதற்கு மேல் படிக்க வழியில்லை. பால்வாளி தூக்கியவரின் பிள்ளை பால்வாளியே தூக்கியதற்குக் காரணம் தலைவிதி அன்று. வேறு கதவு திறக்கப்படவில்லை.

1941-இல் நடந்தது

இந்தச் சூழலில்தான் ஆர்.எச். நாதன், ஒய்.கே. மேனன் போன்றோர் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் 1941-இல் தோட்டம் தோட்டமாக மக்களைத் திரட்டியது. போர்க்கால ரப்பருக்கு நல்ல விலை; அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடுங்கள் என்பது முதன்மைக் கோரிக்கை. இது சீனர் மீது கொண்ட பொறாமை அன்று. அவர்களுக்குக் குறையுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மற்றக் கோரிக்கைகளைக் கேட்டால் நெஞ்சம் கனக்கும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். உறவினர் தடையின்றி வந்து பார்க்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலி கேட்டவர்கள் கூடவே மானத்தையும் கேட்டார்கள். இரண்டும் ஒன்றே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் கூலியில் சில காசுகள் கூடின, சமம் கிடைக்கவில்லை. மே 5-ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் தீயாய்ப் பரவியது. மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்து வந்தனர். அடித்தவர், அடிபட்டவர் எல்லார் முதுகிலும் அடி விழுந்தது.

கங்காணி போனார், ஒப்பந்தக்காரர் வந்தார்

போருக்குப் பின் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பங்குப் பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலியாள் முதலாளியான அந்த நாள் நம் வரலாற்றில் பொன்னாள்.

ஆனால் 1969-ஐ ஒட்டி வேலை அனுமதிச் சட்டம் கடுமையானபோது, குடியுரிமை இல்லாத பல்லாயிரவர் கப்பலேற நேர்ந்தது. ஒரு காகிதம் இல்லாததால் ஒரு வாழ்க்கை போயிற்று. பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் காவலாளிகளாகவும் துப்புரவுப் பணியாளர்களாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் ஆனார்கள்.

இங்கே பழைய கதை புது உடையில் வருகிறது. பள்ளியையோ மருத்துவமனையையோ துடைக்கும் அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பவர் அந்த நிறுவனம் அல்லர். குத்தகை எடுத்த ஒப்பந்தக்காரர். குத்தகை முடிந்து வேறொருவர் வந்தால், அதே அம்மா, அதே துடைப்பம், அதே கட்டடம். ஆனால் அவர் புதிய ஆள். பழைய ஆண்டுகள் கணக்கில் வருவதில்லை. சம்பளம் மறுபடியும் அடிப்படையிலிருந்தே தொடங்கும்.

சட்டம் சிறிது சிறிதாக உதவிக்கு வந்துள்ளது. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022-இல் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகி, ஆகஸ்டு முதல் சிறு கடைகளுக்கும் பொருந்தியது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே சம்பளம்தான். வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் சட்டம் அடித்தளத்தைத்தான் போடும்; ஏணியைக் கொடுக்காது. நம் நாட்டு ஆய்வாளர்கள் லீ ஹுவோக் ஆவுன், முகமட் அப்துல் காலிட் இருவரும் ஒரு சோதனை செய்தனர். பொறியியல், கணக்கியல் பட்டதாரிகளின் பெயரில், ஒத்த தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினர். சீனப் பெயர்களுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு, மலாய்ப் பெயர்களுக்கு வந்ததைவிடப் பன்மடங்கு அதிகம். அமெரிக்காவில் 2004-இல் வெளியான இதுபோன்ற ஆய்விலும் வெள்ளையர் பெயர்களுக்கே அழைப்பு அதிகம். பெயரைப் பார்த்து வாய்ப்பளிப்பதை எவர் செய்தாலும் தவறு. நம் கடைகளில் "எந்த ஊர், என்ன சாதி" என்று விசாரித்து ஆள் எடுத்தால் அதுவும் அதே தவறுதான்.

நான் உங்களிடம் வேண்டுவது

முதலாவது, நம் கை எட்டும் இடத்தில் நியாயம் செய்வோம். இந்த அவையில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்திருப்பவர்கள், உணவகம் நடத்துபவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும், உள்ளூராருக்கும் ஊரிலிருந்து வந்த தம்பிக்கும், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கிடைக்கிறதா? சம்பளச் சீட்டு உண்டா? சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகச் செலுத்தப்படுகின்றனவா? தம்பியின் கடப்பிதழ் அவர் கையில் இருக்கிறதா? கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கும் ஆயிரம் வெள்ளி புண்ணியமே. ஆனால் அது தொழிலாளியின் சம்பளத்தில் குறைத்த ஆயிரமாக இருந்தால், அந்த உபயம் அவருடையது, உங்களுடையது அன்று. ஆலயங்களும் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும். நாதஸ்வரக் கலைஞரும், மடைப்பள்ளிப் பணியாளரும், பிராகாரம் கூட்டும் அம்மாவும் "தொண்டு" என்ற பெயரால் குறைந்த கூலிக்கு உழைக்கக் கூடாது.

இரண்டாவது, கல்வி உதவி பல்கலைக்கழகம் போகிறவர்களோடு நின்றுவிடக் கூடாது. எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில், எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாத பிள்ளைகளே அதிகம். மின்பணி, உலோக ஒட்டு, குளிர்சாதனப் பழுதுபார்ப்பு போன்ற தொழிற்பயிற்சிகள் அரசு நிலையங்களில் உள்ளன. படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும், பேருந்துச் செலவுக்கும், முதல் மாத விடுதிக் கட்டணத்துக்கும் ஆளில்லாததால் இடத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் அன்னதானச் செலவு சில பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் இதில் சரிபாதி இடம் வேண்டும்.

மூன்றாவது, பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. ஆவணம் இல்லாதவருக்குச் சட்டம் சொல்லும் சம்பளம் எட்டாக் கனி. வழக்கறிஞர்களான அன்பர்கள் மாதம் ஒரு நாள் இந்த மண்டபத்தில் அமர்ந்து வழிகாட்டினால், அதுவே பெரிய பூசை.

அன்பர்களே! 1941-இல் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். நம்மில் சிலர் இன்று காரில் போகிறோம். நம் எதிரே சைக்கிளில் வருகிறவரை எப்படி நடத்துகிறோம் என்பதே இனி கேள்வி. கூலியாளாக வந்து மண் சுமந்த பெருமான் நம் எல்லாருக்கும் நேர்மையான மனத்தையும், கொடுக்கும் கையையும் அருள்வாராக.