பங்குக்கு முன்னே அளவு

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"உலக நாடுகளும் தண்ணீர்ப் பங்கீடும்" என்று தலைப்பைக் கொடுத்து, கால் மணி நேரத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். கடலைக் குடத்தில் அடைக்கிற காரியம். ஆகவே ஒரே ஒரு ஆற்றை, அதிலும் ஒரே ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆறு கங்கை, இடம் மேற்கு வங்காளத்தின் ஃபராக்கா கதவணை. ஆற்று நீரை அளக்கும் கருவிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உலகில் 300க்கும் மேற்பட்ட ஆற்றுப் படுகைகள் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் சொந்தம். இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சட்டம் வேண்டாமா? 1997 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை அப்படி ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 103 நாடுகள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி மூன்றும் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. போதுமான நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வர 2014 ஆகிவிட்டது. பதினேழு வருஷம்! பயிர் அவ்வளவு நாள் காத்திருக்குமா? ஆக, பக்கத்துப் பக்கத்து நாடுகள் தாங்களே உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

ஃபராக்காவுக்கு வருவோம். ஹூக்ளி ஆற்றில் வண்டல் படிந்து கல்கத்தா துறைமுகம் தூர்ந்துகொண்டிருந்தது. கங்கைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு அந்த வண்டலை அடித்துக்கொண்டு போகச் செய்வதற்காகக் கட்டப்பட்டதுதான் இந்தக் கதவணை. 1975இல் இயங்கத் தொடங்கியது. பீடர் கால்வாயின் கொள்ளளவு வினாடிக்கு 40,000 கன அடி. நம் பக்கத்து நியாயம் இது. கொஞ்சம் கீழே போனால் வங்காளதேசம். அங்கே கங்கையிலிருந்து பிரியும் கொராய் ஆற்றில் கோடையில் தண்ணீர் குறைந்தால், குல்னா பக்கம் கடலின் உப்பு உள்ளே ஏறிவிடும். குடிக்கிற தண்ணீர், வயல், சுந்தரவனக் காடு எல்லாவற்றுக்கும் கேடு. அவர்கள் பக்கத்து நியாயம் அது. இரண்டுமே நியாயம் என்பதுதான் சிக்கல்.

1977இல் ஐந்தாண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1982இலும் 1985இலும் தற்காலிக ஏற்பாடுகள். 1988இல் அதுவும் முடிந்தது. அதன் பிறகு எட்டு ஆண்டுகள் எந்த ஏற்பாடும் கிடையாது. கடைசியில் 1996 டிசம்பர் 12ஆம் தேதி பிரதமர்கள் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் 30 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதில் உள்ள கணக்கு, நம்ம சர்வே வாத்தியார் போர்டில் எழுதிப் போட்ட மாதிரி எளிமையானது. ஜனவரி 1 முதல் மே 31 வரை பத்துப் பத்து நாளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஃபராக்காவுக்கு வரும் நீர் வினாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் கீழே என்றால் ஆளுக்குப் பாதி. 70,000 முதல் 75,000 வரை என்றால் வங்காளதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. 75,000க்கு மேல் என்றால் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரையிலான கடும் கோடையில், ஒரு பத்து நாள் விட்டு ஒரு பத்து நாள், மாறி மாறி 35,000 கன அடி உறுதி. நம் கிராமத்துக் கண்மாயில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிறார்களே, அதேதான்! கண்மாய்க்குப் பதில் கங்கை, அவ்வளவே.

ஆனால் 70,000 என்று யார் சொல்வது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரே நாட்சில் ஓடும் தண்ணீரை இரண்டு பேட்ச் அளந்தால் இரண்டு விடை வரும். நண்பர்கள் சிரிக்கிறீர்கள், அனுபவம் போலிருக்கிறது! லேபில் அது ஒரு மார்க் சமாச்சாரம். எல்லையில் அது சண்டைச் சமாச்சாரம். அதனால் ஒப்பந்தம் எழுதியவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இரு நாட்டுக் கூட்டுக் குழு ஒன்றை அமைத்தார்கள். அதன் அணிகள் ஃபராக்காவில் அணைக்குக் கீழும், பீடர் கால்வாயிலும், கப்பல் போகும் லாக்கிலும், அங்கே வங்காளதேசத்தில் ஹார்டிஞ்சு பாலத்திலும் தினமும் நீரோட்டத்தை அளந்து எழுத வேண்டும். என் கணக்கு, உன் கணக்கு என்ற பேச்சு போய், நம் கணக்கு என்று ஆனது.

அதோடு வம்பு தீர்ந்ததா என்றால், இல்லை. முதல் கோடையான 1997லேயே ஃபராக்காவில் விட்ட அளவும் ஹார்டிஞ்சு பாலத்தில் வந்து சேர்ந்த அளவும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகைகளில் பெரிய கூச்சல். ஆனால் ஒப்பந்தம் உடைந்துபோகவில்லை. இரண்டு இடத்து எண்களும் இரு தரப்பின் கையிலும் இருந்ததால், "திருடிவிட்டான்" என்பதற்குப் பதிலாக "வித்தியாசம் எங்கே?" என்று கேட்க முடிந்தது. இது சின்ன மாற்றமில்லை.

ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்று நாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மாலி, மவுரித்தானியா, செனகல் மூன்றும் 1972இல் ஒரு கூட்டு அமைப்பை உண்டாக்கின. மாலி நாட்டுக்குள் இருக்கும் மனந்தாலி அணை மூன்று நாடுகளுக்கும் கூட்டுச் சொத்து. அதன் மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மவுரித்தானியாவுக்கு 15. 1989இல் செனகலும் மவுரித்தானியாவும் அடித்துக்கொண்டபோதும் அந்த அமைப்பு கலைந்துவிடவில்லை. கூட்டாகப் போட்ட முதலை யாரும் லேசில் விடமாட்டார்கள் பாருங்கள்.

மாறாக, 1960இன் சிந்து நதி ஒப்பந்தத்தில் ஆறுகளையே பிரித்துக்கொண்டார்கள். கிழக்கே மூன்று நமக்கு, மேற்கே மூன்று பாகிஸ்தானுக்கு. 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி நின்ற அந்த ஒப்பந்தத்தை, பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. அதன் அரசியல் சரியா தவறா என்ற வாதத்துக்கு இது மேடையல்ல. இஞ்சினியர் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்வேன்: அந்த ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளும் ஆற்று அளவுகளை மாதாமாதம் பரிமாறிக்கொள்ள வேண்டும். வெள்ளம் வருகிற நாளில் அந்த எண்ணின் அருமை, ஆற்றங்கரையில் தூங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

கங்கை ஒப்பந்தமும் குறையில்லாததல்ல. கோடையில் கங்கைக்குப் பெரும் பங்கு தண்ணீர் தரும் கோசி, கண்டகி, காக்ரா ஆறுகள் நேபாளத்தின் வழியே வருகின்றன. நேபாளம் ஒப்பந்தத்தில் இல்லை. நீரோட்டம் 50,000 கன அடிக்குக் கீழே போனால் உடனே கலந்து பேச வேண்டும் என்று இருக்கிறதே தவிர, குறைந்தபட்ச அளவுக்கு உத்தரவாதம் கிடையாது. இரு நாட்டுக்கும் பொதுவாக 54 ஆறுகள். தீஸ்தாவுக்கு 2011இல் தயாரான ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் நின்றுபோனது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1996இல் எழுதிய 30 ஆண்டுக் கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. 1988க்குப் பின் வந்த எட்டு வெற்று ஆண்டுகள் மறுபடி வரலாமா?

இன்னொரு குறையையும் துணிந்து சொல்கிறேன். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து நீரோட்ட அளவுகள் நம் நாட்டில் ரகசிய வகையில் வைக்கப்பட்டவை. இரண்டு அரசாங்கத்துக்கும் தெரிந்த எண், இரண்டு கரையிலும் உள்ள மீனவனுக்கும் விவசாயிக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் வதந்திதான் விளையும். புது ஒப்பந்தம் எழுதும்போது அளவுகளைத் தினமும் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இங்கே அரசுப் பணியில் இருப்பவர்கள் உண்டு. வெளிநாட்டில் பெரிய பொறுப்பில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர்ச் சண்டையைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால், "எவ்வளவு ஓடுகிறது, யார் அளந்தார்கள்?" என்று முதலில் கேளுங்கள். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: ஹைட்ராலஜி என்றால் பாஸ் மார்க் வாங்கித் தப்பிக்கிற பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாடுகளின் சமாதானம் சில சமயம் ஆற்றில் நட்ட ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை நேர்மையாகப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.