வாய் பேசா உயிர்களும் வலி ஆராய்ச்சியும்

உடலுக்கு உண்டாகும் துன்பங்களுள் வலியைப் போல அளத்தற்கரியது பிறிதொன்றில்லை. காய்ச்சலை அளக்கக் கருவியுண்டு. குருதியின் அமுக்கத்தை அளக்கவும் கருவியுண்டு. வலியையோ, அதனை அனுபவிப்பவன் சொல்லத்தான் பிறர் அறிகின்றனர். அங்ஙனமாயின், சொல்ல மாட்டாத விலங்கைக் கொண்டு வலிக்கு மருந்து தேடுவது எங்ஙனம்?

நெடுங்காலமாக இவ்வாராய்ச்சிக்குத் துணையாயிருப்பது எலி. 1988ஆம் ஆண்டில் பெனற், சீ என்னும் அறிஞர் இருவர், எலியின் தொடையிலுள்ள பெருநரம்பைச் சுற்றி நான்கு தளர்வான கட்டுகளை இட்டனர். அதன்பின் சிறு சூட்டையும் மெல்லிய தொடுகையையுங்கூட அவ்வெலியின் பாதம் தாங்கவில்லை. நரம்பு நோவினை ஆராய இம்முறை உலகெங்கும் கையாளப்படலாயிற்று.

ஆயினும், எலி காட்டிய வழி எப்பொழுதும் மனிதனிடம் கொண்டுசேர்க்கவில்லை. 'பதார்த்தம் பி' என்னும் இரசாயனப் பொருளின் செயலைத் தடுக்கும் மருந்துகள் சிறு விலங்குகளின் நோவைத் தணித்தன. 1990களில் நோயாளரிடத்துப் பரிசோதித்தபோதோ, எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அவ்வின மருந்தொன்று பின்னர் வாந்தியைத் தடுக்கவே பயன்பட்டது.

வெட்டுண்ட நரம்பின் கதையும் இத்தகையதே. மனித நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அளவே வளரும். தோளருகே அறுந்த நரம்பு விரல் நுனியை அடைய ஈராண்டுகள்வரை ஆகலாம். அதற்குள் கையின் தசைகள் மெலிந்துவிடும். எலியின் நரம்போ குறுகிய தூரமே செல்லவேண்டியது. ஆகவே விரைவில் இலக்கை அடைகின்றது. எலியிடம் வெற்றிபெற்ற சிகிச்சை, மனிதனது நீண்ட கையிலே தோல்வியுறுவதில் வியப்பென்ன?

இக்காரணத்தினாலேயே ஆராய்ச்சியாளர் செம்மறியாட்டையும் பன்றியையும் நாடுகின்றனர். அவற்றின் நரம்புகள் தடிப்பிலும் நீளத்திலும் மனித நரம்புகளை நெருங்குகின்றன. பன்றியின் தோலும் அமைப்பிலே மனிதத் தோலை ஒத்தது. பல சென்ரிமீற்றர் நீளமான இடைவெளியை நிரப்பும் சத்திரசிகிச்சையையும் இவற்றிலே செய்து பார்க்கலாம்.

எனினும், செலவு மிகுதி, காலமும் நீளும். பகைவிலங்குக்கு அஞ்சி வாழும் ஆடு தன் நோவை மறைக்கும் இயல்புடையது. அதன் செவியின் நிலை, கண் சுருங்குதல் முதலிய முகக் குறிகளைக் கொண்டு நோவை மதிப்பிடும் அளவுகோலொன்றை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் வெளியிட்டனர்.

நோவை வலிந்து உண்டாக்காத வழியொன்றும் உண்டு. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், எலும்புப் புற்றுநோயால் ஏற்கெனவே வருந்திய வளர்ப்பு நாய்களின் முதுகந்தண்டு நீரில், மொரொக்கோ நாட்டுக் கள்ளியொன்றிலிருந்து பெற்ற மருந்து செலுத்தப்பட்டது. அவற்றின் வேதனை தணிந்தது. அம்மருந்து பின்னர்க் கடும் புற்றுநோயாளரிடத்தும் பரிசோதிக்கப்பட்டது. நாயும் நலம் பெற்றது; மனிதனுக்கும் வழி திறந்தது.

1959ஆம் ஆண்டிலே ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்றவிடத்து விலங்குக்குப் பதிலாக வேறு வழியை நாடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பனவே அவை. பெரிய விலங்கை நாடும்போது இந்நெறிகள் தளரா; மேலும் இறுகவேண்டும். பயனற்ற பரிசோதனையில் ஓருயிர் பட்ட துன்பத்துக்கு ஈடு இல்லை. மனிதனின் வலியைத் தீர்க்கப் புறப்பட்ட அறிவு, பிற உயிரின் வலியை மறந்துவிடுமாயின், அது தான் தேடியதையே இழந்ததாகும் என்பதை நேயர்கள் சிந்தித்தல் நன்று.