பணம் கட்டுவதற்கு முன் விசாவைப் படியுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சில வீடுகளில் கிளம்பத் தயாராகிறார்கள். அதனால் விசா ஆலோசனை பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் விசா நிபுணன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் 36 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் மாதம். ராசிபுரத்தில் இருக்கும் என் தங்கையின் மகன் வந்தான். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, நல்ல சம்பளம், ஏஜென்டுக்கு 90,000 ரூபாய் கட்ட வேண்டும், "நீங்கதான் உதவணும் மாமா" என்றான். என் சேமிப்பிலிருந்து அனுப்பினேன். காசோலை வந்தால் தேதி, எண்ணில் தொகை, எழுத்தில் தொகை, கையெழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியவன் நான். அன்று ரசீது கேட்கவில்லை. பணம் போனது ஒரு தனி மனிதரின் சேமிப்புக் கணக்குக்கு. அதையும் கவனிக்கவில்லை.

"விசா என்னப்பா?" என்று மட்டும் கேட்டேன். "இறங்கினதும் டூரிஸ்ட் விசா குடுப்பாங்க மாமா, அப்புறம் அங்கேயே வேலை விசாவா மாத்திக்கலாமாம்" என்றான். நானும் தலையாட்டினேன்.

அக்டோபர் முதல் வாரம் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் மாதமே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டிருந்தது. அதில் சொன்ன வேலையின் பெயரும் எங்கள் பையனுக்குச் சொன்ன வேலையின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே.

பயணத்தை நிறுத்தச் சொன்னேன். தங்கை அழுதாள். "உங்க பையன் மட்டும் வெளிநாட்டுல இருக்கலாமா அண்ணா?" என்று கேட்டாள். பத்து மாதம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கட்டிய பணமும் திரும்பவில்லை. ஆனால் பையன் இருக்கிறான்.

அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, படித்த பிள்ளைக்குத்தான் பாதுகாப்பு குறைவு. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்று குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்ப்பார். பட்டதாரிக்கு அது தேவையில்லை. அவருடைய தாளை யாரும் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' என்ற அரசு இணையதளத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. நான் அனுப்பியது அதைப்போல மூன்று மடங்கு.

மூன்றாவது, சுற்றுலா விசாவில் வேலை பார்க்கக் கூடாது. "போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது, படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு. கனடாவில் 2023இல் பஞ்சாப் மாணவர்கள் பலருக்கு நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. வருடங்களுக்கு முன் ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி. விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவருடையது. எனவே பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. ஆகையால் கல்லூரிக்கு நீங்களே நேராக மின்னஞ்சல் அனுப்பி, சேர்க்கை உண்மைதானா என்று கேளுங்கள். பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் படித்த பிறகு பிள்ளை கையெழுத்துப் போடட்டும். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்பவர்களுக்குப் பதிவு எண் உண்டு. அந்தப் பட்டியலையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

கடன் கேட்டு வருகிறவர் தன்னைப் பற்றித் தானே சொல்வதை மட்டும் வைத்து எந்த மேலாளரும் கடன் கொடுக்க மாட்டார், வெளியிலும் விசாரிப்பார். விசா ஆலோசனையும் அப்படித்தான். நம் பிள்ளை கிளம்பினால் கமிஷன் கிடைக்கிற ஒருவரிடம் மட்டும் கேட்பது விசாரணை ஆகாது. கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும் லாப நஷ்டம் இல்லாத ஒருவரிடமும் கேட்க வேண்டும். அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளம் இருக்கிறது. தமிழக அரசு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் இலவச உதவி எண் 1800 11 3090.

பிள்ளைகளைப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனும் போனவன்தான். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் ரோட்டைக் கடக்கவே இரண்டு பக்கமும் பார்க்கிறோம். கடல் கடக்கும்போது ஒரு தாளைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

யார் வீட்டிலாவது ஒப்பந்தத்தாளோ விசாவோ வந்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் சாயங்காலம் என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். கட்டணம் இல்லை, காபி உண்டு.