ஆபத்து நேரத்துக்கு எப்படியான ஆப் வேண்டும்?

(தோட்ட அனர்த்த ஆயத்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் கொழும்பிலிருந்து நாலு பிள்ளைகள் வந்தது உங்களுக்குத் தெரியும். மண்சரிவு, வெள்ளம் வந்தால் அறிவிக்கிற ஆப் ஒன்று செய்கிறோம், பாவித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்றார்கள். நம்மிடம் குறை கேட்க வருகிறவர்கள் அபூர்வம். ஆகவே பிள்ளைக் காம்பராவிலே உட்கார்ந்து பார்த்தோம்.

திறந்தவுடனே ஈமெயில் கேட்டது. நம்மில் எத்தனை பேருக்கு ஈமெயில் இருக்கு? பிறகு வீதியின் பெயர், வீட்டு இலக்கம். நம்ம விலாசம் டிவிஷன், லயம், காம்பரா. அதை எழுத அதிலே இடமில்லை. மலையிலிருந்து நேரே வந்த ஒரு அக்கா ஈரக் கையால் அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அமுக்கினால் வேறெதுவோ திறந்தது. நாங்கள் சிரித்தோம். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற காரியமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொல் இருந்தது, சனங்களும் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டிப் பக்கம் மலைகள் சரிந்தபோது கரண்டும் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை.

ஆகவே நான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டது இதுதான். தமிழில், பெரிய எழுத்தில், மூன்றே பட்டன் போதும். ஒன்று அனர்த்த நிலையத்தின் 117. ஒன்று அம்புலன்ஸ் 1990. மற்றது, நாங்கள் இன்ன லயத்தில் இருக்கிறோம் என்று அறிவிக்க. டேட்டா இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். ஆகப் போகட்டும். எச்சரிக்கையைச் சத்தமாக வாசித்தும் சொல்லட்டும், எழுத்துத் தெரியாத ஆச்சிமார் இருக்கிறார்கள். "மஞ்சள் எச்சரிக்கை" என்றால் யாருக்கு விளங்கும்? இன்றிரவு எழுந்து போகணுமா, எங்கே போகணும் என்று சொல்ல வேண்டும்.

அந்த நிறங்களின் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால், வெளியேற வேண்டும். இதற்கு ஆப்கூட வேண்டியதில்லை. ஆபீஸ் முற்றத்திலே மழைமானி இருக்கு. காலையில் மட்டும்தான் பார்த்து எழுதுகிறார்கள். அடைமழை நாளில் இரவிலும் பார்த்து, கோவில் ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதி கேட்டு துரைக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. தலைவர்மாரும் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் ஆப்பைத் திருத்திக்கொண்டு வருகிறார்கள். பணிய லயத்துக்காரர் முதலில் வாங்க. போனை சார்ஜ் போட்டுக் கொண்டு வாங்க. மகனிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம், அவன் எதையும் அமுக்கிவிடுவான். நீங்களே அமுக்கிப் பார்க்கணும்.