சட்டம் பணக்காரனுக்கு மட்டுமல்ல!
(லிங்கி தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



"லாயர், கோர்ட்டு எல்லாம் காசுள்ளவனுக்குத்தான்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அப்படியல்ல என்று காட்டிய இரண்டு தமிழ் பாரிஸ்டர்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஈப்போ சீனிவாசகம் சகோதரர்கள்: அண்ணன் எஸ்.பி., தம்பி டி.ஆர்.

அவசரகாலத்தில், 1952-ல், லீ மெங் என்ற சீனப் பெண் கையெறி குண்டு வைத்திருந்ததாக ஈப்போவில் வழக்கு. குற்றம் உறுதியானால் தூக்கு! அவருக்காக வாதாடியவர் எஸ்.பி. அன்று வெள்ளைக்காரனுக்கு ஜூரி உண்டு. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு இரண்டு அசெசர்கள் மட்டுமே. அந்த இருவரும் "குற்றவாளி அல்ல" என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை. மறுவிசாரணை நடந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனாலும் போராட்டம் ஓயவில்லை. 1953-ல் பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஓர் உயிர் தப்பியது!

தம்பி டி.ஆர். கொலை வழக்கும் நடத்துவார், நாடாளுமன்றத்திலும் முழங்குவார். 1957 இடைத்தேர்தலில் வென்று, 1969-ல் மறையும் வரை ஈப்போ மக்களின் பிரதிநிதி. ஏழைகளிடம் கட்டணம் வாங்காமல் வாதாடினார் என்று ஈப்போவில் முதியவர்கள் சொல்வார்கள்.

1960-களில் அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது அவர் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். உள்ளே பேசினால் வழக்குப் போட முடியாது. "வெளியே வந்து சொல்" என்று சவால் வந்தது. வெளியேயும் சொன்னார்! அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார், தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார். பதவியும் போனது.

டி.ஆர். எதனால் வென்றார்? குரலை உயர்த்தியதாலா? இல்லை. சொன்னதைக் கோர்ட்டில் நிரூபித்தார். ஆதாரம்தான் வென்றது!

தோட்டத்தில் நமக்கு நேர்வது என்ன? வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வக்கீல் "கடிதம் எங்கே? சம்பளச் சீட்டு எங்கே?" என்று கேட்டால் கையை விரிக்கிறோம். எத்தனை கெட்டிக்கார வக்கீலானாலும் வெறுங்கையோடு என்ன செய்வார்?

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், நிர்வாகம் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு: நியாயமின்றி வேலை நீக்கம் செய்தால், 60 நாட்களுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் கொடுங்கள். 61-வது நாள் போய் அழுது பயனில்லை.

மூன்று: பிள்ளையைப் போலீஸ் பிடித்தால், வக்கீலைப் பார்க்கும் உரிமை அரசியலமைப்புச் சட்டத்தின் 5-வது பிரிவில் உண்டு. காசில்லையா? குற்ற வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு உதவ தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. தயங்காமல் கேளுங்கள்.

சீனிவாசகம் சகோதரர்கள் இன்று இல்லை. அவர்கள் கையாண்ட சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்தான்!